அங்கீகரிக்கப்பட்ட சுற்று

வெள்ளாங்குளத்துக்கு உள்ளே, காட்டோரமாகக் கிடக்கும் குடியேற்றத்தில் தண்ணீர்ப் பம்பு இரண்டாம் தடவையும் எரிந்தபோதுதான் சுவேதினி படிக்கப் போவதென்று முடிவெடுத்தாள். அதற்கு முன்னரே அவளுக்கு இலத்திரனியலில் ஆசை இருந்தது என்று சொன்னால் அது பொய். உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, அதனால் ஒன்றும் ஆகாமல், தகப்பன் கதிர்காமுவோடு கச்சான் கடலை பிடுங்கக் கூலிக்குப் போய்வந்துகொண்டிருந்த பெண் அவள்.

ஊரில் கிணறுகளுக்குக் குறைவில்லை. தண்ணீர்தான் உப்பு. குடிக்கக்கூடிய தண்ணீர் ஒரேயொரு குழாய்க் கிணற்றில் மட்டும் வந்தது. அதிலிருந்து தாங்கிக்கு இறைக்கிற பம்பு எரிந்தால், பெண்கள் குடங்களோடு தார் றோட்டுவரை நடந்துபோய் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியைப் பார்த்து நிற்கவேண்டும். பவுசர் வருகிற நாளும் உண்டு.

மன்னாரில் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிறவர் எரிந்த பம்பைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

"உங்கட பக்கம் பின்னேரத்தில வோல்டேஜ் விழுந்து போகுது. விழ விழ பம்பு இழுத்து இழுத்துச் சூடாகி எரியுது. குறைஞ்ச உடன தானா நிப்பாட்டுற ஒரு சின்னச் சேர்க்கிட் போட்டிருந்தா இது நடந்திராது."

"அத யாரு செஞ்சு தருவாங்க?" என்று தண்ணீர்ச் சங்கத் தலைவி சிவராணி கேட்டாள்.

"அது படிச்ச ஆக்கள் செய்யிறது."

சிவராணி பக்கத்தில் நின்ற சுவேதினியைத் திரும்பிப் பார்த்தாள். மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வந்து, மூன்று தடவை இடம்பெயர்ந்து, நான்காம் தடவை இந்த ஊரில் காலூன்றியவள் சிவராணி. அவள் அதிகம் பேசமாட்டாள்.

"நீ போய்ப் படிச்சிட்டு வா புள்ள. வேற யாரு இருக்கா."

அப்படித்தான் அவள் அந்த நிலையத்துக்குப் போனாள்.

நிலையத்தின் முழுப்பெயர் 'கரையோரப் பிராந்திய உயர் இலத்திரனியல் திறன்விருத்தி நிலையம்'. அது மன்னார்த் தீவில், தோட்டவெளிக்குப் போகிற வழியில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட அகலமாகிவிட்டதால், கடைசி இரண்டு சொற்களைத் தாங்குவதற்கென்றே புறம்பாக ஒரு தூண் கட்டியிருந்தார்கள். அந்தத் தூணின் நிழலில் எப்போதும் கழுதைகள் நின்றன.

பணிப்பாளர் பொன்னையா கெட்ட மனிதர் அல்லர். யாரையும் ஏசமாட்டார். வருகிறவர்களைக் கதிரை போட்டு இருத்திக் கதைப்பார். தன்னுடைய பொறுப்பில் உள்ள எந்தச் சாமானும் பழுதாகக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். பாவித்தால்தானே பழுதாகும் என்ற முடிவுக்கு அவர் எப்போதோ வந்துவிட்டிருந்தார். அதனால் வெளிநாட்டு உதவியில் வந்த கணினிகள் எல்லாம் வந்தபடியே பொலித்தீன் உறைக்குள் இருந்தன. மாதத்துக்கு ஒருமுறை உறையைத் துடைத்து, சரிபார்த்து, கையெழுத்து வைத்தார்கள். உத்தரவாதக் காலம் உறைக்குள்ளேயே பிறந்து உறைக்குள்ளேயே முடிந்திருந்தது.

பயிற்சிநெறியின் பெயர் 'திறந்த மூல மென்பொருள் வழி இலத்திரனியல் சுற்றுப் போலச்செய்தல்'. பெனர் அடித்தபோது துணி போதாமல் முதல் இரண்டு சொல்லோடு நிறுத்தி, கீழே 'அனுமதி இலவசம்' என்று போட்டுத் தொங்கவிட்டார்கள். முதல் நாள் சுவேதினி போய் வாங்கில் இருந்தபோது, பக்கத்தில் கீரிக் கிராமத்திலிருந்து வந்த யாகப்பர் என்ற வயதான மனிதர் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தார்.

"பிள்ளை, டொக்டர் எத்தினை மணிக்கு வருவார்?"

"இங்க டொக்டர் இல்லை ஐயா. இது கொம்பியூட்டர் வகுப்பு."

"திறந்த மூலம் எண்டு போட்டிருக்கு. எனக்கு அதுதான். நாலு வருசமா."

விசயம் பணிப்பாளரின் காதுக்குப் போனது. அவர் அதைப் பாரதூரமாக எடுத்துக்கொண்டார். பெனரைத் திருத்துவதென்றால் புதுப் பெனருக்கு அனுமதி எடுக்கவேண்டும். ஆகவே அதன் கீழே, 'இங்கு அறுவைச் சிகிச்சை செய்யப்படமாட்டாது' என்று ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. யாகப்பர் அதை வாசித்துவிட்டு, மருந்து மட்டும் தருவார்கள் என்று விளங்கிக்கொண்டு, இன்னும் இரண்டு நாள் வந்து இருந்தார்.

படிப்பித்தவர் ரஜிதா மிஸ். மெல்லிய குரல். ஒப்பந்த அடிப்படையில் நியமனம். முதல் வகுப்பிலேயே சுவேதினிக்கு விளங்கும்படி சொன்னார்.

"ஒரு சேர்க்கிட்டை உண்மையாச் செய்ய முதல் கொம்பியூட்டரில வரையிறம். வரைஞ்சதுக்குள்ள பொய்யாக் கரண்ட் விடுறம். எந்த இடத்தில எவ்வளவு வோல்டேஜ், எவ்வளவு கரண்ட் எண்டு அது கணக்குப் பாத்து கோடு கீறிக் காட்டும். பிழை எண்டா அதுக்குள்ளயே திருத்தலாம். ஒரு சாமானும் எரியாது, ஒருத்தருக்கும் அடிக்காது. இந்த மென்பொருள் சும்மா கிடைக்குது. ஆரும் எடுக்கலாம், எப்பிடிச் செய்திருக்கினம் எண்டு உள்ளுக்குத் திறந்தும் பாக்கலாம். அதுதான் திறந்த மூலம்."

சுவேதினி அந்த இடத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். எரியாமல் எரித்துப் பார்க்கிற ஒரு வழி உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. ஊரில் இரண்டு பம்பு எரிந்த மணம் இன்னும் மூக்கில் நின்றது.

சும்மா கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல் வந்தது. நிலையத்துக்கு எந்தப் பொருள் எடுத்தாலும் மூன்று இடத்தில் விலை கேட்கவேண்டும் என்பது விதி. விலை இல்லாத பொருளுக்கு எவரும் விலை சொல்லவில்லை.

"சேர், இணையத்தில இருந்து இப்பவே இறக்கலாம்," என்றார் ரஜிதா மிஸ்.

"இறக்கலாம் பிள்ளை. பழுதானா ஆரைப் பிடிக்கிறது?" என்றார் பொன்னையா. "காசு குடுத்து வாங்கின சாமான் எண்டா வித்தவன் இருப்பான். நாங்கள் அவனுக்குக் கடிதம் போடுவம், அவன் பதில் போடமாட்டான், எல்லாம் ஒரு ஒழுங்கில நடக்கும். இதில ஆருக்குப் போடுறது? மற்றது, ஆரும் திறந்து பாக்கலாம் எண்டு நீங்களே சொல்லுறீங்கள். அப்ப பூட்டு எங்க? பூட்டில்லாத சாமானை நான் எப்பிடிப் பொறுப்பெடுக்கிறது?"

அனுமதி வரும்வரைக்கும் வகுப்பை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் பயிற்சிநெறி நடக்கவில்லை என்று ஆகிவிடும். ஆகவே போலச்செய்தலைப் போலச் செய்வது என்று தீர்மானமாயிற்று. வெள்ளைப் பலகையில் ரஜிதா மிஸ் கணினித் திரையை வரைந்தார். ஆளுக்கொரு காட்போட் மட்டையில் மவுஸ் வெட்டிக் கொடுத்தார்கள். மேசையில் அதை நகர்த்தி, விரலால் தட்டி, "கிளிக்" என்று வாயால் சொல்லவேண்டும். மிஸ் போய்ப் பலகையில் அந்தப் பெட்டியைத் திறந்து வரைவார். பழையதை அழிப்பார். ஒரு சுற்றை வரைந்து முடிக்கக் காலை போய்விடும்.

ஒருநாள் பொன்னையா வகுப்பைப் பார்வையிட வந்து, பின்வரிசையில் கைகட்டி நின்றார். அவருக்கு நல்ல திருப்தி.

"ஏன் தம்பி நீர் ரெண்டு தரம் கிளிக் எண்டு சொன்னீர்?"

மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருக்கும் றிபாத்தைத்தான் கேட்டார். றிபாத் சுவேதினியைவிட மூத்தவன். சான்றிதழ் இருந்தால் கடைக்கு மதிப்பு என்று வந்து சேர்ந்திருந்தான்.

"டபிள் கிளிக் சேர்."

"தேவையில்லாமப் பாவிக்காதையும். மட்டை தேயும்."

இடைவேளையில் றிபாத் சுவேதினியிடம் சொன்னான்: "தங்கச்சி, என்ர லப்டொப்பில அந்த சாமான் கிடக்கு. ராத்திரி போட்டு விட்டன், இறங்கிட்டுது. கடைக்கு வாங்கோ, காட்டுறன்."

அவள் போகவில்லை. அனுமதிக்கு முன் வெளியில் மென்பொருளைத் தொடுகிறவர்களின் பெயர் வெட்டப்படும் என்று அறிவித்தல் பலகையில் இருந்தது. ஊர் அவளை நம்பி பஸ்சுக்குக் காசு கொடுத்து அனுப்பியிருந்தது. பெயர் வெட்டுப்பட்டுத் திரும்பிப்போய் சிவராணியின் முகத்தில் முழிக்க அவளால் முடியாது. மட்டை மவுஸை நகர்த்தியபடியே, பலகையைப் பார்த்தபடியே, அவள் தன் சுற்றைக் கடதாசியில் வரைந்து முடித்தாள். வோல்டேஜை அளந்து பார்க்க ஒரு சிறு பகுதி. அது குறைந்தால் தொடுப்பைத் தடக்கென்று விட்டுவிட, ரிலே என்ற தானியங்கிச் சுவிச். ரிலே விட்டால் பம்பு நிற்கும். கூடினால் பிடிக்கும், பம்பு ஓடும். எளிய சுற்று. வரைந்த கடதாசியை பஸ்ஸில் மடியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டு போனாள். அவளுக்கு அதில் பெருமை இருந்தது.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து அமைச்சின் மேலதிகச் செயலாளர் நிலையத்தின் விழாவுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. விழாத் திகதி நிச்சயமானதும் விதிகள் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. கணினிகளின் உறை கழற்றப்பட்டது. விழாவுக்கு முதல்நாள் றிபாத் தன் பென்டிரைவிலிருந்து மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். செய்துகாட்டலுக்கு சுவேதினியின் சுற்றைத் தெரிவுசெய்திருந்தார்கள். கிராமம், பெண், தண்ணீர் என்ற மூன்றும் அதில் இருப்பதாகப் பொன்னையா சொன்னார்.

வாழ்க்கையில் முதற்தடவையாக உண்மையான மவுஸைப் பிடித்துத் தன் சுற்றைத் திரையில் வரைந்தாள் சுவேதினி. ஓடவிடும் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது.

"என்னவாம்?" என்றார் பின்னால் நின்ற பொன்னையா.

"நிலத்தோட தொடுப்பு இல்லையாம் சேர்," என்றார் ரஜிதா மிஸ். "ஒண்டுமில்லை, நிலத்தின்ர குறியீட்டைப் போட மறந்திட்டா. அதைப் போட்டாச் சரி."

பொன்னையாவின் முகம் மாறியது. "ஆரின்ர நிலம்?"

"சேர்?"

"எந்தக் காணியோட தொடுக்கப் போறீங்கள் எண்டு கேக்கிறன். இந்த நிலையம் நிக்கிற காணியையே மூண்டு பகுதி தங்கட எண்டுது. ஒரு பகுதி காடு எண்டுது, ஒரு பகுதி கடல் எண்டுது, ஒருத்தர் தன்ர அம்மம்மாவின்ர சீதனம் எண்டு காணி உறுதியோட வாறார். வழக்குக் கிடக்கு. நாளைக்குச் செயலாளர் முன்னால நிலம் எண்டு ஒரு குறியைப் போட்டுக் காட்டினா, நான் உரிமை கோரினதா ஆகாதோ?"

"சேர், இது காணி இல்லை. பூமி. எல்லா வோல்டேஜையும் எங்க இருந்து அளக்கிறது எண்டு ஒரு இடம். பூச்சியம். அது இல்லாட்டி இந்த மென்பொருள் கணக்குப் பாக்காது."

"பூமி எண்டாலும் காணிதான் பிள்ளை. நான் நிலம் சம்பந்தமான எதிலயும் கைவைக்க மாட்டன். இருபத்தொன்பது வருசச் சேவை. ஓய்வூதியத்துக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

"அப்ப சேர்க்கிட்டை ஓட்ட ஏலாது சேர்."

"ஓடவேண்டாம். ஓடினமாதிரி இருந்தாப் போதும்."

ஓடினமாதிரி இருப்பதற்கு ஒரு கோட்டுப்படம் தேவைப்பட்டது. அலுவலக உதவியாளரின் கைத்தொலைபேசியில் அவருடைய மாமாவுக்கு எடுத்த இதயத்துடிப்புப் படம் இருந்தது. அதில் ஏற்ற இறக்கம் நன்றாக இருந்தது. பெயரையும் வயதையும் வெட்டிவிட்டுத் திரையில் நிறைத்துப் போட்டார்கள்.

மறுநாள் மாலைகளும் மங்கள விளக்கும் முடிந்தபின் மேலதிகச் செயலாளர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். சுவேதினி சொல்லிக்கொடுத்தபடி மவுஸை நகர்த்தினாள். மாமாவின் இதயம் திரையில் தோன்றியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இந்தக் கோட்டைப் பார்க்கும்போது," என்று செயலாளர் ஒலிவாங்கியில் தொடங்கினார், "ஏதோ ஓர் இதயம் துடிப்பதைப்போல எனக்குத் தோன்றுகிறது. கிராமத்தின் இதயம். போலச்செய்தல் எங்கள் அமைச்சுக்குப் புதியது அல்ல. சென்ற ஆண்டு ஒரு வீதியைப் படத்தில் அமைத்தோம். படத்தில் திறந்து வைத்தோம். இவ்வாண்டு அதைப் படத்திலேயே திருத்தியும் இருக்கிறோம். தூசி இல்லை, விபத்து இல்லை, ஒரு முறைப்பாடுகூட வரவில்லை. ஆனால் எங்களிடம் ஒரு குறை இருந்தது. நாங்கள் கையால் போலச் செய்தோம். நீங்கள் கணினியால் செய்கிறீர்கள். இதுதான் வளர்ச்சி."

அதோடு இருந்திருந்தால் பரவாயில்லை. அவர் மேலும் சொன்னார்: வெற்றிகரமாகப் பரீட்சிக்கப்பட்ட இந்தச் சுற்று இன்றே அங்கீகரிக்கப்படுகிறது, இந்தப் பிள்ளையின் ஊர்ப் பம்பிலேயே இந்தச் சுற்று வைத்த முதற் பெட்டி பொருத்தப்படும், புதுப் பம்பும் வழங்கப்படும்.

மறுபடியும் கைதட்டல். அவளுடைய சுற்று ஒருநாளும் ஓட்டிப்பார்க்கப்படவில்லை என்பது அந்த மண்டபத்தில் இருந்த மற்ற எல்லோரையும்விட அவளைத்தான் உறுத்தியது.

கூட்டம் கலைந்து ரோல்ஸ் பரிமாறும்போது ரஜிதா மிஸ் அவளைக் கதவோரம் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அதை ஒருக்கா உண்மையா ஓட்டிப் பாருங்கோ. உங்கட ஊருக்கு வாற கம்பி நீளம், தடை கூட. அந்தக் கம்பியையும் ஒரு ரெசிஸ்டரா வரைஞ்சு, அதோட சேர்த்து ஓட்டுங்கோ." பிறகு மண்டபப் பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் சொன்னதாச் சொல்லாதேங்கோ. வாற மாசம் என்ர ஒப்பந்தம் புதுப்பிக்க வேணும்."

அன்றைக்கே அவள் றிபாத்தின் கடைக்குப் போனாள். கழற்றிய கைத்தொலைபேசிகளை ஒரு பக்கம் ஒதுக்கி அவன் லப்டொப்புக்கு இடம் எடுத்துக் கொடுத்தான். சுற்றை வரைந்தாள். ஊர்க்கம்பியை வரைந்தாள். நிலத்தின் குறியீட்டைப் போட்டாள். ஒருவரும் வழக்குக்கு வரவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

திரையில் சீப்பின் பற்களைப்போல ஒரு கோடு வந்தது. மேலும் கீழும், மேலும் கீழும், நெருக்கமாக.

"இது என்ன றிபாத் நானா, பைத்தியம் பிடிச்சமாதிரி?"

றிபாத் கிட்டக் குனிந்து பார்த்தான். பிறகு சுவேதினிக்கே மெல்ல விளங்கியது. வோல்டேஜ் குறைகிறது, ரிலே விடுகிறது, பம்பு நிற்கிறது. பம்பு நின்றவுடன் கம்பியில் பாரம் இல்லை, வோல்டேஜ் ஏறுகிறது. ஏறியவுடன் ரிலே பிடிக்கிறது, பம்பு ஓடுகிறது, வோல்டேஜ் விழுகிறது. மறுபடி விடுகிறது. நொடிக்குப் பலமுறை. பம்பை ஓடவிட்டு எரிப்பதைவிட வேகமாக, தொடங்கித் தொடங்கி எரிப்பதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

"நல்ல காலம், இதுக்குள்ள பாத்தம்," என்றான் றிபாத்.

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு ஒன்றை மாற்றி ஓட்டினாள், சரிவரவில்லை. இன்னொன்றை மாற்றினாள். அடுத்த நாளும் வந்தாள். மூன்றாம் நாள் பின்னேரம், சுற்றின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரேயொரு ரெசிஸ்டரைப் போட்டபோது சீப்பு மறைந்தது. ஒருமுறை விட்டால், வோல்டேஜ் நன்றாக ஏறும்வரைக்கும் ரிலே பேசாமல் இருந்தது. கோடு அலையில்லாத கடல்போல அமைதியாகப் போயிற்று. றிபாத் பக்கத்துக் கடையில் இரண்டு பிளேன்ரீ சொன்னான்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அவள் பொன்னையாவின் அறைக்குப் போனாள். அவர் இருத்தி, பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு ரெசிஸ்டர்தான் சேர். சோளம் பொரி அளவுகூட இல்லை. அதைச் சேர்க்கவேணும்."

"ஏன்?"

"இல்லாட்டி பம்பு எரியும். என்ர பிழைதான். ஓட்டிப் பாத்த பிறகுதான் தெரிஞ்சுது."

"அப்ப வெற்றி எண்டு செயலாளர் சொன்னது?"

சுவேதினி கொண்டுவந்த படத்தை மேசையில் அவர் பக்கம் தள்ளினாள்.

"பிள்ளை, தோல்வியை வெற்றியா மாத்திறதுக்கு எங்களிட்ட ஒரு முறை இருக்கு. அறிக்கை எழுதுவம். வெற்றியைத் தோல்வியா மாத்திறதுக்கு ஒரு முறையும் இல்லை. அங்கீகரிச்சது அங்கீகரிச்சதுதான். நீங்கள் போய் நல்லாப் படியுங்கோ."

பெட்டி ஊருக்கு வந்தது. புதுப் பம்பும் வந்தது. தாங்கியின் காலில் 'சுவேதினி கதிர்காமுவின் கண்டுபிடிப்பு' என்று பலகை அடித்தார்கள். கதிர்காமு அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி வாசித்து, பக்கத்தில் நின்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினார். பெட்டிக்கு இன்னும் பூட்டுப் போடவில்லை. பொருத்துநர்கள் போனபிறகு, பம்பு ஓடத்தொடங்குவதற்கு முன்னர், சுவேதினி பெட்டியைத் திறந்து, றிபாத் கொடுத்துவிட்ட ஈயப்பற்றுக் கோலால் அந்த ரெசிஸ்டரைப் பற்றவைத்தாள். கதிர்காமு டோர்ச் பிடித்தார்.

"அரசாங்கச் சாமானில கை வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"இது என்ர பேர் போட்ட சாமான் அப்பா."

பின்னேரம் வோல்டேஜ் விழுந்தது. ஒரேயொரு 'டிக்'. பம்பு நின்றது. ஏறியபிறகு ஒரேயொரு 'டிக்'. ஓடியது. மழைக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. பெண்கள் தார் றோட்டை மறந்தார்கள்.

மழை விட்டபின் பரிசோதனைக் குழு வந்தது. குழு என்பது பொன்னையாவும், அங்கீகரிக்கப்பட்ட படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தூக்கிவந்த நிரோஷன் என்ற அதிகாரியும். பம்பு வேலை செய்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. நிரோஷன் சட்டத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு சாமானாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சேர், ஒண்டு கூட இருக்கு."

"ஆரின்ர இது?" என்றார் பொன்னையா.

"நான் போட்டது சேர்," என்றாள் சுவேதினி. "அண்டைக்குச் சொன்னனே. இது இல்லாட்டி பம்பு எரியும்."

"எரிஞ்சா அது பம்பின்ர பிழை. இது இருந்தா எங்கட பிழை." அவர் கோபப்படவில்லை. துக்கத்தோடுதான் சொன்னார். "எட்டுத் தரம் படத்தில கையெழுத்து வைச்சிருக்கிறன் பிள்ளை. இது அதில இல்லை."

நிரோஷன் சின்னக் குறடால் ரெசிஸ்டரை நறுக்கி எடுத்து, ஒரு பொலித்தீன் பையில் போட்டு முத்திரையிட்டார். பெட்டியை மூடிப் பூட்டி, பூட்டுக்கு மேல் அரச முத்திரை ஒட்டினார். சிவராணி முன்னுக்கு வந்தாள்.

"இத ஒடச்சா என்ன செய்வீங்க?"

"உடைச்சா திட்டத்தையே திருப்பி எடுக்க வேண்டி வரும் அம்மா. பம்போட."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீடுகளில் விளக்குகள் போடத்தொடங்கியிருந்தார்கள். குடங்கள் வரிசையில் நின்றன. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. டிக். டிக். பிறகு டிக்டிக்டிக்டிக் என்று தையல் மெசின்போலத் தொடர்ந்தது. பம்பு உறுமி அடங்கி உறுமி அடங்கித் துடித்தது. குழாய் வாயில் தண்ணீர் விக்கியது.

பொன்னையா தலையைச் சரித்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா? நாங்கள் வரேக்க ஒரு சத்தமும் இல்லாமக் கிடந்தது. இப்ப எவ்வளவு சுறுசுறுப்பு. நிரோஷன், எழுதுங்கோ."

சுவேதினி அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பம்படித் தூணில் இருந்த மெயின் சுவிச்சை ஓடிப்போய் இழுத்து விட்டாள். எல்லாம் நின்றது. குடத்தோடு நின்ற பெண்கள் அவளைப் பார்த்தார்கள். பலகையில் பேர் போட்டவளே தண்ணீரை நிறுத்திவிட்டாள் என்பதுபோல ஒரு பார்வை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"என்ன புள்ள செஞ்ச?" என்றாள் சிவராணி.

"எரியப் போகுது மாமி. வோல்டேஜ் ஏறுமட்டும் ஓடவிடக் கூடாது."

"எப்ப ஏறும்?"

"தெரியாது. நிண்டு பாக்கத்தான் வேணும்."

நிரோஷன் எழுதிக்கொண்டிருந்தார். மின்னழுத்தம் வீழ்ந்த வேளையில் பம்பு உடனடியாக நிறுத்தப்பட்டது என்பதை அவர் தன் கண்ணால் கண்டிருந்தார். அதை அப்படியே எழுதினார். எவரால் என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

அன்றிலிருந்து சுவேதினி பின்னேரம் வந்தால் தூணடியில் நிற்கவேண்டியதாயிற்று. றிபாத் கொடுத்த வோல்ட்மானியைக் கம்பியில் மாட்டி வைத்துக்கொண்டு, முள் விழும்போது சுவிச்சை இழுப்பாள், ஏறினால் தள்ளுவாள். கச்சான் கூலிக்கு அரைநாள்தான் போகமுடிந்தது. மன்னாருக்குப் போகவே முடியவில்லை. வரவு போதாது என்று நிலையத்தில் அவள் பெயரை வெட்டினார்கள். ரஜிதா மிஸ்ஸின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று றிபாத் சொன்னான். ஏனென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சிவராணி சில நாள் வந்து பக்கத்தில் குந்தியிருப்பாள். மாறி நிற்கிறேன் என்று ஒருநாள் சொல்லி, முள்ளைப் பார்க்கப் பழகினாள். கண் சரியில்லை. விட்டுவிட்டாள்.

ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. பொன்னையா.

"சுவேதினி, சுகமா இருக்கிறீங்களா? நல்ல செய்தி. அறிக்கை மேல போய், செயலாளர் நல்ல சந்தோசம். கரையோரம் முழுக்க, முசலிப் பக்கமும் சேர்த்து, எல்லாத் தண்ணீர்த் திட்டத்துக்கும் உங்கட பெட்டிதான் போகப்போகுது. ஒரு சாமானும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கீகரிச்ச படம்."

அவள் வோல்ட்மானியைப் பார்த்தாள். முள் இறங்கத் தொடங்கியிருந்தது.

"அந்த ஊருகளில சுவிச்சடியில ஆர் நிக்கிறது சேர்?"

"எந்தச் சுவிச்?"

"மெயின் சுவிச். வோல்டேஜ் விழேக்க இழுக்கிறதுக்கு."

"அது தானா நிக்கும் பிள்ளை. அறிக்கையில தானியங்கி எண்டு கிடக்கு. நான்தானே கையெழுத்து வைச்சனான்."

பெட்டிக்குள் முதல் டிக் கேட்டது. அவள் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையை உயர்த்தி, சுவிச்சை இழுத்தாள். பம்பின் உறுமல் அடங்கிற்று.

மறுபக்கத்தில் பொன்னையாவின் குரல் தழுதழுத்தது.

"இப்ப நிண்டது எனக்கு இங்க கேட்டுது பிள்ளை. பாருங்கோ, எவ்வளவு அச்சொட்டா வேலை செய்யுது."